பவுடர் பூசிய இஞ்சின்

ஜெனரேட்டரில் ஆயில் ஒழுகியதும் தையல்கடைக்காரர் தன் மனைவியின் தம்பியைத்தான் பிடித்துத் திட்டினார். ஆயில் மாற்றியவன் அவன்.

"அடி போல்ட்டைக்கூட ஒழுங்கா மாட்டத் தெரியல, நீயெல்லாம் ஒரு மெக்கானிக்!"

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுப் போனான். அப்புறம் தலைகாட்டவே இல்லை.

இன்று இஞ்சினைத் துடைத்து, ஒழுகும் இடம் தெரிய முகப்பவுடர் தூவி, ஓடவிட்டுப் பார்த்தார். ஆயில் வடிக்கும் அடி போல்ட்டைச் சுற்றிப் பவுடர் வெள்ளையாகவே இருந்தது. ஆயில் மேலே, வால்வு மூடியிலிருந்து வழிந்தது. சத்தம் குறையட்டும் என்று முன்பு அந்த மூடியை முறுக்கி இறுக்கியவர் சாட்சாத் இவரேதான். மூடிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் நசுங்கிக் கிழிந்திருந்தது.

புது கேஸ்கட் போட்டதும் ஒழுகல் நின்றது. மச்சானுக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டார்.

"தப்பு என் மேலதான்டா."

"மேல மூடிதான் ஒழுகுதுன்னு அன்னைக்கே பார்த்துட்டேன் மாமா. அக்கா முன்னாடி எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன்."

அக்கா பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அன்று அவளும் சேர்ந்துதான் திட்டியிருந்தாள்.