குரங்கு வெற்றிலை

நீச்சல் குளத்தை ஒட்டிய வேலியைக் கத்தரித்துக்கொண்டிருந்த எல்லம்மாளுக்கு மறுபடியும் வயிறு முறுக்கியது. தோட்ட வேலைக்காரர்களுக்கான கழிப்பறை விடுதியின் பின்பக்க கேட்டுக்கு வெளியே இருந்தது. போய்வர அரை மணி ஆகும். காலையிலிருந்து மூன்று முறை போய்வந்துவிட்டாள். "இன்னொரு தபா போனா அப்படியே வூட்டுக்குப் போயிடு. நாளைக்கும் வராதே" என்று மேஸ்திரி பன்னீர்செல்வம் சொல்லியிருந்தார்.

கத்தரியைக் கீழே போட்டுவிட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேலி முழுக்கக் குரங்கு வெற்றிலைச் செடி. சின்னச் சின்னச் சொரசொரப்பான இலைகள். கத்தரி எட்டாத உள்கொம்புகளில் செம்மஞ்சளாகப் பழங்கள்.

பதினொன்றாம் அறையைச் சுத்தம் செய்துகொண்டிருந்த ஜெஸ்ஸி கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தாள். இருவரும் செய்யூரிலிருந்து ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள்.

"இன்னாக்கா, மூஞ்சி இப்டி வெளுத்துக்கீது?"

எல்லம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். ஜெஸ்ஸிக்குப் புரிந்துவிட்டது. கதவை அகலத் திறந்தாள்.

"உள்ள போ. கெஸ்ட்டு ரெண்டு மணிக்குத்தான் வராங்க."

"உன் வேல பூடும்டி."

"போனா போவுது. மொதல்ல நீ போ."

குளியலறையிலிருந்து வெளியே வந்த எல்லம்மாள், வேலியில் பறித்து மடியில் கட்டியிருந்த ஒரு கைப்பிடி இலையை எடுத்து நீட்டினாள். "இதப் போட்டு வெந்நி வெச்சுத் தரியா? வவுத்துப்போக்குக்கு எங்கூட்ல இதான் டீ."

"வேலிச்செடியா? குடிக்கலாமா?"

"பழங்கூடத் துன்னலாம்."

ஜெஸ்ஸி விருந்தாளிகளின் கெட்டிலில் கொதிக்கவைத்து, அவர்களுடைய வெள்ளைக் கோப்பையிலேயே ஊற்றிக் கொடுத்தாள். நாற்காலியைக் காட்டியும் எல்லம்மாள் தரையில்தான் உட்கார்ந்தாள். மூன்று வருடமாக இந்த வேலியை வெட்டுகிறாள். இந்த இடத்தில் உட்கார்ந்து எதையும் குடித்ததில்லை. சூடு வயிற்றுக்குள் இறங்க இறங்கக் கண் நிறைந்தது.

"நீ நல்லா இருக்கணும்டி" என்றாள். கொடுக்க வேறொன்றும் இல்லை. மடியைத் துழாவி, ஒதுங்கியிருந்த நாலு பழங்களை ஜெஸ்ஸியின் உள்ளங்கையில் வைத்தாள்.

ஜெஸ்ஸி ஒன்றை வாயில் போட்டாள். "அட, தித்திப்பா கீதே!"

எல்லம்மாள் சிரித்துக்கொண்டே வேலிக்குத் திரும்பினாள். கத்தரியை எடுத்துக்கொண்டு, இன்னொரு முறை நன்றி சொல்லலாமென்று திரும்பிப் பார்த்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜெஸ்ஸி மண்டி போட்டிருந்தாள். குளியலறையிலிருந்து கதவுவரை பளிங்குத் தரையில் பதிந்திருந்த செம்மண் கால்தடங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே வந்தாள். கடைசித் தடம் போனதும் தரைமேல் கன்னத்தைச் சாய்த்து, வெளிச்சத்துக்கு எதிரே உற்றுப் பார்த்தாள். பிறகு மறுபடியும் முதலிலிருந்து துடைக்கத் தொடங்கினாள்.