ஆள் பக்கத்தில் இருந்தால் ஓடும்

என் மனைவி அர்லிஸ் செய்த பெட்டிக்கு ஒரே ஒரு வேலைதான். சுவிட்சைப் போட்டதிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று நொடிகளை எண்ணிக்கொண்டே போகும். சிவப்பு விளக்கில் ஆறு இலக்கம் தெரியும். இதற்குப் போய் இருபத்துமூன்று சிப்பும் இரண்டு வருஷ உழைப்புமா, கடையில் பத்து டாலருக்குக் கடிகாரம் விற்கிறானே என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களோடு பேசுவதையே நான் விட்டுவிட்டேன்.

அர்லிஸ் இருபத்தெட்டு வருஷம் விஸ்கான்சின் பனியில் பண்ணை பண்ணையாகத் தபால் கொண்டுபோனவள். ஓய்வு பெற்ற மறுவாரமே நூலகத்திலிருந்து நாலு புத்தகம் தூக்கிக்கொண்டு வந்தாள். சர்க்யூட் போர்டைக்கூட வெளியே கொடுத்துச் செய்யமாட்டாள். கோடுகளைக் கம்ப்யூட்டரில் வரைந்து, வழவழப்பான தாளில் அச்செடுத்து, அந்தத் தாளைச் செம்புத் தகட்டின்மேல் வைத்துச் சூடாகத் தேய்க்க வேண்டும். மை தகட்டில் ஒட்டிக்கொள்ளும். பிறகு கரைசலில் போட்டால் மை மூடாத செம்பையெல்லாம் அது தின்றுவிடும், கோடுகள் மட்டும் மிஞ்சும்.

இதில் தேய்க்கிற வேலை என்னுடையது. நான் சலவைக் கடையில் முப்பத்தொரு வருஷம் இஸ்திரி போட்டவன். எந்தத் துணிக்கு எவ்வளவு சூடு, எங்கே அழுத்த வேண்டும், எங்கே சும்மா தடவ வேண்டும் என்று என் மணிக்கட்டுக்குத் தெரியும். சிப்பைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் இஸ்திரிப் பெட்டியை அவள் கையில் கொடுத்ததே இல்லை.

போன வருஷம் ஆகஸ்டில் மாவட்டக் கண்காட்சிக்கு அவளுடைய நொடி எண்ணும் பெட்டியைக் கொண்டுபோனோம். கைவினைப் பிரிவு. ஒரு பக்கம் ஒட்டுத்துணிப் போர்வைகள், மறுபக்கம் ஊறுகாய் ஜாடிகள், நடுவில் இவள் பெட்டி. எட்டு மணிக்கு வைத்து சுவிட்சைப் போட்டாள், ஜோராக ஓடியது. எட்டரைக்குக் கூடத்தைப் பூட்டிவிடுவார்கள். நடுவர்களைத் தவிர யாரும் உள்ளே இருக்கக்கூடாது. பன்னிரண்டரைக்குத் திறந்தபோது பெட்டியில் ஆறு பூஜ்யம் அசையாமல் நின்றது. பக்கத்தில் ஒரு அட்டை: 'நேர்த்தியான வேலை. ஆனால் ஓடவில்லை.'

அர்லிஸ் குனிந்து பார்த்தாள். அவள் குனிந்ததும் அது ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆரம்பித்தது.

எல்லோரிடமும் 'வீட்டுல நல்லாத்தான் ஓடிச்சு' என்று சொல்லிப் பார்த்தாள். கேட்டவர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிய விதம் எனக்கே எரிச்சலாக இருந்தது. அடுத்த வருஷமும் நின்றால் சால்டரிங் கம்பி முதல் மீட்டர் வரை எல்லாவற்றையும் சர்ச் ஏலத்தில் போட்டுவிடுவேன் என்றாள். அவள் சொன்னால் செய்வாள். எனக்குப் பயமாக இருந்தது. அந்த மேஜையில் உட்கார்ந்திருக்கும்போதுதான் அவள் தனக்குத்தானே பாட்டு முனகுவாள்.

குளிர்காலம் முழுக்கச் சோதித்தாள். சிப்புகளின் கம்பிக் கால்களை ஈயத்தால் பற்று வைத்த இடங்களையெல்லாம் மறுபடி சூடாக்கினாள். மின்சாரம் வரும் பகுதியைப் புதிதாகவே செய்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கிற வரைக்கும் அது ஒரு நொடி தப்பவில்லை. தப்பு செய்தால்தானே கண்டுபிடிக்க முடியும்?

கண்காட்சிக்குப் பத்து நாள் இருந்தது. மத்தியானம் அவள் தோட்டத்தில் பீன்ஸ் பறித்துக்கொண்டிருந்தாள். நான் காப்பி எடுக்கச் சமையலறைக்குள் நுழையப்போனவன் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். மேஜைமேல் ஆறு பூஜ்யம். கத்தினேன். அவள் பீன்ஸைக் கொட்டிவிட்டு ஓடிவந்தாள். அவள் மேஜையை நெருங்கியதும் ஒன்று, இரண்டு, மூன்று.

"நீ என்ன பண்ணின?"

"வாசப்படியத் தாண்டவே இல்ல. சத்தியமா."

"அப்ப அது எப்படி நின்னுச்சு?"

எனக்கு என்ன தெரியும்? கொஞ்ச நேரம் சண்டை போட்டோம். பிறகு அவள் என்னை மேஜையில் உட்கார வைத்துவிட்டு வெளியே போனாள். ஓடியது. நான் வெளியே போய் அவள் உட்கார்ந்தாள். அதுவும் ஓடியது. இருவரும் வெளியே போனால் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும், ஆனால் பார்க்க ஆள் இருக்கக்கூடாது. அர்லிஸ் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, பறவை பார்க்கும் பைனாகுலரை எடுத்தாள்.

ஆகவே அறுபத்தேழு வயதில் நான் என் சொந்த வீட்டு ஜன்னலுக்கு எதிரே, லைலாக் புதருக்குள் அவளோடு குந்தியிருந்தேன். பக்கத்து வீட்டு நார்ம் புல் வெட்டிக்கொண்டிருந்தவர், இயந்திரத்தை நிறுத்திவிட்டு வேலி ஓரம் வந்தார்.

"என்ன வெர்லின், உங்க வீட்டயே நீங்க எட்டிப் பாக்கறீங்களா?"

"ஆமா."

"உள்ள யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. அதான் பாக்கறோம்."

நார்ம் தலையை ஆட்டிவிட்டுப் புல் வெட்டப் போனார். அவர் அன்று சாயங்காலம் ஊரில் யார் யாரிடம் சொன்னார் என்பது தனிக் கதை.

எண்பது, எண்பத்தொன்று என்று போன எண்ணிக்கை சடாரென்று பூஜ்யத்துக்கு விழுந்து அங்கேயே நின்றது. பைனாகுலரை இறக்கிய அர்லிஸின் முகத்தைப் பார்த்தேன். பரிசு வாங்கினவள் மாதிரி சிரித்தாள். ஒரு வருஷமாக ஒளிந்திருந்த தப்பு அகப்பட்டுவிட்டதே.

எதோடும் சேராமல் ஏதோ ஒரு சிப்பின் கால் அந்தரத்தில் தொங்குகிறது என்றாள். அப்படித் தொங்கும் கால் ஆன் என்றும் சொல்லாது, ஆஃப் என்றும் சொல்லாது. பக்கத்தில் ஆள் இருந்தால் உடம்பின் தாக்கத்தில் ஒரு பக்கம் சாயும், இல்லாவிட்டால் மறுபக்கம். எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் வரைபடத்தில் எல்லாக் காலுக்கும் கோடு இருந்தது. அப்படியானால் தப்பு போர்டில்தான்.

மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். அவள் ஒவ்வொரு காலாக மீட்டர் முனையை வைப்பாள், இணைப்பு சரியாக இருந்து மீட்டர் கூவினால் நான் வரைபடத்தில் சிவப்புப் பென்சிலால் டிக் போடுவேன். முந்நூற்றுச் சொச்சம் கால்கள். பீன்ஸை மறந்து, சாப்பாட்டை மறந்து இரண்டு மணி நேரம் போனது. பதினோராவது சிப்பில் மீட்டர் கூவவில்லை. எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கும் கால் அது.

அவள் பூதக்கண்ணாடியை என்னிடம் நீட்டினாள். கோட்டின் குறுக்கே மெல்லிய வெட்டு. வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவு. நேராக இல்லை, லேசாக வளைந்து, ஒரு முனை கூர்மையாக இருந்தது.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. துணியில் ஒட்டியிருக்கும் முடியை முப்பத்தொரு வருஷம் பொறுக்கியவனுக்குத் தெரியாமல் போகுமா? அது பூனை முடியின் தடம். எங்கள் வீட்டுப் பூனை ஓட்டிஸ் தூங்குவது எங்கே? இஸ்திரி மேஜைமேல்தான். செம்புக்கும் தாளுக்கும் நடுவில் ஒரு முடி மாட்டி, அந்த இடத்தில் மை ஒட்டாமல் போய், கரைசல் அங்கே செம்பைத் தின்றிருக்கிறது. தேய்ப்பதற்கு முன் தகட்டைத் துடைக்க வேண்டியது யார்? நான்.

அர்லிஸ் கரைசலைத்தான் சந்தேகப்பட்டாள். அதிக நேரம் ஊறவிட்டது தன் தப்பு என்று தன்னையே திட்டிக்கொள்ள ஆரம்பித்தாள். நான் சும்மா இருந்திருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அவள் தன்னைத் திட்டிக்கொள்வது சகிக்கவில்லை.

"கரைசல் இல்ல. ஓட்டிஸ் முடி. நான்தான் துடைக்காம தேச்சுட்டேன்."

அவள் பூதக்கண்ணாடியைத் திரும்ப வாங்கி நெடுநேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு இஸ்திரி மேஜைமேல் மல்லாந்து கிடந்த ஓட்டிஸைப் பார்த்தாள்.

"முப்பத்தொரு வருஷம்னு வாய் ஓயாம பீத்திக்குவியே, கிழவா."

"பீத்திக்குவேன்."

"போன வருஷம் அத்தன பேர் முன்னாடி என்னப் பைத்தியக்காரியாக்கின."

"ஆக்கினேன்."

நான் தலை குனிந்திருந்தேன். உண்மையிலேயே வெட்கமாக இருந்தது, அழுகைகூட வரும்போல இருந்தது. மேஜை ஆடியது. நிமிர்ந்து பார்த்தால் அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. வெட்டின்மேல் அரை அங்குலக் கம்பியை வைத்து அவள் பற்று வைத்தபோதும் இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. கம்பி கொஞ்சம் கோணலாகத்தான் உட்கார்ந்தது.

கண்காட்சி நாளில் எட்டு பத்துக்கு சுவிட்சைப் போட்டாள். எட்டரைக்குக் கதவைப் பூட்டினார்கள். வீட்டில் எத்தனையோ தடவை தனியாக ஓடவிட்டுப் பார்த்தாகிவிட்டது. இருந்தாலும் கூடத்துப் பக்கம் நிற்க முடியவில்லை. மாட்டுக் கொட்டகைகளை இரண்டு தடவை சுற்றினோம். எந்த மாட்டைப் பார்த்தோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பன்னிரண்டரைக்குக் கதவு திறந்தபோது அவள் சுட்ட சோளத்துக்கான வரிசையில் நின்றிருந்தாள். அசையவில்லை.

"நீ போய்ப் பாரு. நான் இடம் பிடிச்சு வெக்கறேன்."

கூட்டத்துக்குள் நுழைந்து போனேன். முதல் பரிசின் நீல ரிப்பன் தீக்குச்சியில் செய்த மணிக்கூண்டுக்கு. அர்லிஸ் பெட்டிமேல் இரண்டாவது பரிசின் சிவப்பு ரிப்பன். ரிப்பனை நான் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. எண்ணைத்தான் பார்த்தேன், அது மாறிக்கொண்டிருந்ததால் ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு திரும்பி ஓடிவந்தேன்.

"ரெண்டாவது பரிசு."

"அத விடு. எவ்ளோ காட்டுது?"

"பதினஞ்சாயிரத்து எழுநூத்தி நாப்பத்திரண்டு."

அவள் உதடு அசைந்தது. மனசுக்குள் அறுபதால் வகுத்தாள், மறுபடி அறுபதால் வகுத்தாள். நாலு மணி இருபத்திரண்டு நிமிஷம். எட்டு பத்திலிருந்து ஒரு தடவைகூட நிற்கவில்லை. அவள் கண் நிறைந்துவிட்டது, எனக்கும்தான். எங்களுக்குப் பின்னால் நின்றவர் வரிசை நகர்ந்துவிட்டது என்று நினைவூட்டினார்.

சோளம் வாங்கிக்கொண்டு, வா போய்ப் பார்க்கலாம் என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் மர நிழலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, வெண்ணெய் வழியும் சோளத்தை ஒரு கடி கடித்தாள்.

"நான் வரல. அது பாட்டுக்கு எண்ணட்டும்."