மூங்கில் பிரேம்

1919 ஜூன், முதல் மழை விழுந்த வாரம், தியோடர் தந்தி ஆபீஸ் வேலைக்குத் திரும்பினான். மெசபடோமியாவில் வெடித்த குண்டின் சில்லு ஒன்று இன்னும் அவன் முதுகில் இருந்தது. தண்டுவடத்தை ஒட்டி இருப்பதால் எடுக்க முடியாது என்று ராணுவ டாக்டர் சொல்லிவிட்டார்.

சைக்கிள் ஓட்ட முடிந்தால்தான் தந்தி கொடுக்கும் வேலை. ஓட்டினான். ரிச்சர்ட்ஸ் டவுன் சாலையின் ஜல்லி ஒவ்வொன்றும் இரும்பு பிரேம் வழியே ஏறி அவன் இடுப்பைக் குத்தி, கால்வரை இறங்கியது. மாலையில் வாசலில் வண்டியைப் பிடித்தபடியே நிற்பான். மனைவி பியாட்ரிஸ் வந்து இறக்கிவிட வேண்டும்.

தம்பி ஆம்ப்ரோஸ் சைக்கிள் கடை மெக்கானிக். சீமைக்குப் போன துரை ஒருவர் விட்டுச்சென்ற வண்டியைக் கொண்டுவந்தான். பிரேம் முழுக்க மூங்கில். மூட்டுகளில் மட்டும் இரும்பு. மூங்கில் அதிர்ச்சியைத் தானே வாங்கிக்கொள்ளும், மேலே விடாது என்றான்.

பக்கத்து வீட்டுச் சந்தானம் எட்டிப் பார்த்தார்.

"நாங்க கடைசியா ஏறுறது மூங்கில் பாடையில. நீ முன்னாடியே ஏறிட்டியேப்பா."

தியோடர்தான் அதிகம் சிரித்தான்.

முதல் நாளே வலி குறைந்தது. ஆகஸ்டில் வலியே இல்லை. மாதா திருநாளுக்கு பியாட்ரிஸ் மெழுகில் செய்த இரண்டு கால்களை வாங்கிக் காணிக்கை வைத்தாள். ஆம்ப்ரோஸ் பெயரில் ஒரு மெழுகுவத்தியும் ஏற்றினாள். தேர்க் கூட்டத்தில் ஒரு செருப்பு கழன்றுபோனதை தியோடர் வீட்டுக்கு வந்துதான் பார்த்தான். பராக்குப் பார்த்துக்கொண்டு நடந்தால் அப்படித்தான் என்றாள்.

மழையில் மூங்கில் ஊறி, ஒரு மூட்டு ஆடத் தொடங்கியது. இறுக்கிக் கொடுக்கும்வரை லீவு போடச் சொன்னான் ஆம்ப்ரோஸ். அண்ணன் கேட்கவில்லை. பழைய இரும்பு வண்டியைத் துடைத்துக் கடையிலிருந்து ஆம்ப்ரோஸே ஓட்டிவந்து கொடுத்தான். அந்தச் சிறு தூரத்துக்கே அவனுக்கு இடுப்பு நொந்தது.

மாலையில் கடையிலிருந்து சீக்கிரம் கிளம்பி, அண்ணன் வீட்டு வாசலில் காத்திருந்தான். தியோடர் லிங்கராஜபுரத்திலிருந்து வந்தான். யார் உதவியும் இல்லாமல் இறங்கினான்.

"இரும்பும் இப்ப மூங்கில் மாதிரிதான்டா ஓடுது."

பியாட்ரிஸ் சிலுவை போட்டுக்கொண்டு காபி எடுத்துவர உள்ளே போனாள்.

கை எப்படி இருக்கிறது என்று ஆம்ப்ரோஸ் கேட்டான். உள்ளங்கை வீங்கிவிட்டது, பல்லெல்லாம் ஆடியது, அந்தப் பக்கம் ரோடா அது என்றான் தியோடர்.

"இடுப்புக்குக் கீழ மட்டும் ஒண்ணுமே தெரியல. ராஜா மாதிரி வந்தேன்."

ஆம்ப்ரோஸ் குனிந்து பார்த்தான். ஷூவுக்கு மேலே, கணுக்காலில், பல்சக்கரம் காலுறையைக் கிழித்திருந்தது. சதையையும் கிழித்திருந்தது. ரத்தம் ஷூவுக்குள் இறங்கியிருந்தது.

அவனை நாற்காலியில் உட்காரவைத்தான். ஷூவைக் கழற்றினான். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னான். என்னடா விளையாட்டு இது என்று சிரித்துக்கொண்டே தியோடர் மூடிக்கொண்டான்.

ஆம்ப்ரோஸ் ஒரு கால்விரலைப் பிடித்தான். நகம் பதிய அழுத்தினான். அண்ணன் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது.

"எந்த விரலைப் புடிச்சிருக்கேன், அண்ணா?"