பெட்டி இருக்கும் இடம்

"எது வேணுமோ எடுத்துக்கோ" என்று கணவன் பிரிட்டோ சொல்லியிருந்தான். கள்ளக்குறிச்சிக்கு வரும் வழியெல்லாம் ஜூலியா அந்த வார்த்தையைத்தான் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாள். அதில் பொய் இல்லை. எந்த கம்ப்யூட்டர் என்பதை அவள் முடிவு செய்யலாம். அது எங்கே இருக்கும் என்பது மட்டும் ஏற்கெனவே முடிவாகிவிட்டது.

பிரிட்டோவின் ஸ்டுடியோ மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்தில் இருந்தது. வீடு மேலே வெள்ளிமலையில். கல்யாணமான நாளிலிருந்து ஜூலியா காலை பஸ்ஸில் மலை இறங்கி, ஸ்டுடியோவின் பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து கல்யாண ஆல்பங்களைச் செய்துவந்தாள். படம் தேர்ந்தெடுக்கும் நாளில் மணப்பெண்கள் அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். "அக்கா, எங்க மாமியார் மூஞ்சிய கொஞ்சம் சிரிக்க வைக்க முடியுமா?" என்று ஒருத்தி கேட்பாள். இன்னொருத்தி ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்ததற்குத் தள்ளச் சொல்வாள். ஜூலியாவும் கேட்க மாட்டாள். பேசாமலேயே பக்கத்தில் இருக்க முடிகிற அந்த நேரங்களுக்காகத்தான் அவள் மலை இறங்கினாள் என்றுகூடச் சொல்லலாம்.

போன மழைக்காலத்தில் அவளுக்கு மூன்றாம் மாதத்தில் கலைந்துபோனது. யார் செய்ததாலும் இது நடக்கவில்லை, பஸ்ஸில் போனதாலும் இல்லை, சில கரு இப்படித்தான் தங்காது என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். பிரிட்டோ தலையாட்டினான். அவன் அம்மா இசபெல்லா கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். வீட்டுக்கு வந்து சோறு போடும்போது சொன்னாள்: "தெனமும் அந்த ரோட்டுல குலுங்கிக்கினு போனா எதும்மா தங்கும்?"

அன்றிலிருந்து அந்தப் பேச்சு ஓயவில்லை. அத்தை கோபமாகச் சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசலாம். அவள் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றிக்கொண்டே, அடிவயிற்றிலிருந்து வரும் கவலையோடு சொன்னாள். அன்போடு போடுகிற தாழ்ப்பாளை எந்தப் பக்கத்திலிருந்து திறப்பது?

அந்த நேரம் பார்த்து ஸ்டுடியோவின் பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. "கர்த்தரே வழி காட்டறாரு. புதுச வூட்டுல, அந்தச் செவுத்து அலமாரியில வைங்க. அவ இருந்த எடத்துல வேல செய்யட்டும்" என்றாள் இசபெல்லா.

கம்ப்யூட்டர் கடைக்காரர் பகலவன் மேசைமேல் இரண்டு பெட்டிகளை வைத்தார். ஒன்று முழங்கால் உயரம். மற்றது டிபன் டப்பா அளவுதான் இருக்கும்.

"இன்னா வேலைக்குண்ணே?" என்று பிரிட்டோவைக் கேட்டார்.

"கல்யாண ஆல்பம். நான் படம் புடிக்கறதோட சரி. மத்ததெல்லாம் இவங்கதான்."

"அப்ப நான் யாருகிட்ட பேசிக்கினு இருக்கறேன்!" என்று சிரித்து, நாற்காலியை ஜூலியா பக்கம் திருப்பினார் பகலவன். "சொல்லுங்க மேடம்."

ஜூலியா பெரிய பெட்டியைத் தொட்டாள். வீட்டில் இது வைக்க இடமில்லை. இசபெல்லா சொன்ன சுவர் அலமாரிக்குள் இது நுழையாது. பெட்டி வீட்டுக்குப் போகாமல் தடுக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

"இதுல ரெண்டு ஹார்ட் டிஸ்க் உள்ளயே மாட்டலாம் இல்லீங்க?"

"மாட்டலாம். ஆனா எதுக்கு? சின்னதுல நல்ல எஸ்எஸ்டி ஒண்ணு போட்டுக்குங்க. நடக்கிற வேல மட்டும் அதுல இருக்கட்டும். முடிஞ்ச கல்யாணத்த வெளி டிஸ்க்ல தள்ளிடுங்க."

அவள் இத்தனை நாளாகச் செய்துவருவதும் அதைத்தான்.

"கிராபிக்ஸ் கார்டு?"

"வீடியோ பண்றீங்களா?"

"இல்ல."

"அப்ப தேவையில்ல. ரேம் ஜாஸ்தி பண்ணிக்குங்க, அதுதான் உங்களுக்கு ஒதவும்."

வேறு யாராவது வந்து கேட்டிருந்தால் ஜூலியாவே இதைத்தான் சொல்லியிருப்பாள். தெரிந்ததைத் தெரியாததுபோல் கேட்பது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை.

"சின்னது சூடாவாதா?"

"மலையில இன்னாடி சூடு? கம்பளி போத்தாம இருந்தா சரி" என்றான் பிரிட்டோ. பகலவனும் சிரித்தார்.

"அங்க வோல்டேஜ் ரொம்பக் கம்மிங்க. கரண்டு நிக்கவே நிக்காது."

"அதுக்குத்தான் மேடம் இது! வூட்டு இன்வெர்ட்டர்லயே ஓடும். பெருச வச்சீங்கன்னாதான் அவஸ்த. சத்தமும் கெடையாது, பக்கத்துல தூங்கறவங்களுக்குக்கூட தெரியாது."

ஒவ்வொரு கேள்விக்கும் சரியான பதில் வந்தது. ஒவ்வொரு பதிலும் அவளை இன்னும் கொஞ்சம் அந்த அலமாரிப் பக்கம் நகர்த்தி வைத்தது. பகலவன் நேர்மையான வியாபாரி. பெரியதை விற்றால் லாபம் கூட என்று நினைக்கிற ஆளாக அவர் இருந்திருக்கக் கூடாதா என்று அவளுக்குத் தோன்றியது.

"அப்ப போட்டோவெல்லாம்?" என்றாள். "எல்லாருடைய கல்யாணமும் நம்ம கடையில இருக்குது. அத வுட்டுட்டு நான் மட்டும் மேல ஒக்காந்து இன்னா பண்றது?"

பிரிட்டோவின் முகம் மலர்ந்தது. "நீதான சொல்லுவ? ஒரே கூரைக்குக் கீழ ரெண்டு காப்பி வச்சா அது ஒரு காப்பிதான்னு. ஒரு டிஸ்க் கடையில இருக்கட்டும், ஒண்ணு வூட்டுல இருக்கட்டும். வூட்டுல இருக்கறத நீ பாத்துக்கோ. நான் வரப்ப போறப்ப எடுத்தாந்து குடுத்துடறேன்."

ஒருமுறை டிஸ்க் கெட்டுப்போய் ஒரு குடும்பத்தின் படங்கள் மொத்தமும் போகவிருந்தன. அதற்குப் பிறகு அவள் வாய் ஓயாமல் சொல்லிச் சொல்லி அவன் மண்டையில் ஏற்றிய பாடம் அது. ஜூலியா இன்னொன்றைச் சொல்லிப் பார்த்தாள்.

"பொண்ணுங்க பக்கத்துல ஒக்காந்துதான செலக்ட் பண்ணுவாங்க..."

"போன்ல அனுப்பிடுங்க மேடம். படத்த சின்னதாக்கி அனுப்பினா அவங்களே டிக் பண்ணிக் குடுத்துடுவாங்க" என்றார் பகலவன், உதவுகிற சந்தோஷத்தில்.

தெருவில் ஒரு பஸ் நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போனது. இந்தச் சின்னப் பெட்டியை மறுக்க ஒரு காரணமும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். கனமே இல்லை.

"இத தெனமும் பையில போட்டு எடுத்தாந்து, திரும்ப எடுத்துக்கினு போலாமா?"

"தாராளமா. ரெண்டு எடத்துலயும் மானிட்டர் இருந்தாப் போதும்."

"மலை ரோட்டுலயா?" என்றான் பிரிட்டோ அவசரமாக. "குலுக்கற குலுக்கல்ல போயிடும்."

"எஸ்எஸ்டிண்ணே. உள்ள சுத்தறது ஒண்ணும் கெடையாது. குலுங்கினா ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிவிட்டு, புதுப்பெட்டி எடுக்கப் பகலவன் பின்கட்டுக்குப் போனார்.

இருவரும் அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பிரிட்டோ பில் குத்தும் கம்பியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"குலுங்கினதால போவலீங்க" என்றாள் ஜூலியா. அவள் குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது. "டாக்டரம்மா சொன்னப்ப நீங்களும்தான இருந்தீங்க?"

அவன் கம்பியைத் திருகுவதை நிறுத்தினான்.

"எனக்குத் தெரியும்" என்றான்.

"தெரியுமா?"

"தெனமும் சோத்துல கைய வைக்கறப்ப ஆரம்பிக்கறாங்க ஜூலி. எத்தினி நாள் கேக்கறது? அந்தப் பேச்சு நிக்கட்டும்னுதான்..."

"பேச்சு நிக்கட்டும்னு என்னைய உள்ள வைக்கறீங்களா?"

அம்மா சொல்வதை அவனும் நம்பிக்கொண்டிருக்கிறான், மெதுவாகப் புரியவைக்கலாம் என்றுதான் அவள் இதுவரை இருந்தாள். நம்பாதவனுக்கு எதைப் புரியவைப்பது? அவனும் அதே வீட்டுக்குள்தான் அடைபட்டிருந்தான். வெளியே வர அவனுக்குக் கிடைத்த கதவு அவள்மேல் சாத்துகிற கதவாக இருந்தது, அவ்வளவுதான்.

பகலவன் பெட்டியோடு வந்தார். "மானிட்டர பைக்ல எடுத்துக்கினு போவ முடியாதுண்ணே. நாளைக்கு வண்டியில அனுப்பறேன். எங்க எறக்கணும்? வெள்ளிமலையா, கச்சிராயபாளையமா?"

பிரிட்டோ கண்ணாடிக் கதவைப் பார்த்தான்.

"கச்சிராயபாளையம்" என்றாள் ஜூலியா. "ஒரு மானிட்டர் போதும்."

அவன் திருத்துவான் என்று காத்திருந்தாள். அவன் திருத்தவில்லை. பகலவன் எழுதிக்கொண்டார். நினைத்தபடி நடந்துவிட்டதே, ஏன் மூச்சு லேசாகவில்லை என்று அவளுக்குப் புரியவில்லை.

கடைப் படி இறங்கும்போது பிரிட்டோவின் போன் அடித்தது. திரையில் அம்மாவின் பேரைப் பார்த்தான். அதை எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு, அவளிடம் நீட்டினான்.

"வாங்கிட்டியாப்பா? அலமாரியில இருந்த துணியெல்லாம் எடுத்துட்டேன். ஈரத்துணி போட்டுத் தொடச்சிக்கினு இருக்கறேன்" என்றது இசபெல்லாவின் குரல்.

ஜூலியா கணவனைப் பார்த்தாள். அவன் வண்டிச் சாவியை இந்தப் பையிலும் அந்தப் பையிலும் தேடினான். சாவி அவன் கையிலேயே இருந்தது. திருத்தாமல் இருப்பது வேறு, கூட நிற்பது வேறு என்று அப்போது தெரிந்தது.

"அத்த, நான் ஜூலியா. கம்ப்யூட்டரு கீழ கடையிலதான் இருக்கும். நான் எப்பவும்போல போயி வந்துக்கினு இருக்கறேன்."

போன் கட்டாகிவிட்டதோ என்று திரையைப் பார்த்தாள். இல்லை. துணியைப் பிழிகிற சத்தமும், பக்கெட்டில் தண்ணீர் சொட்டுகிற சத்தமும் கேட்டன.

"பொழுது போறதுக்குள்ள வந்துடுங்க. வூட்டுல பேசிக்கலாம்" என்றாள் இசபெல்லா. எப்போதும்போல அன்பாகத்தான் சொன்னாள்.

கச்சிராயபாளையத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, ஜூலியா ஸ்டுடியோவின் ஷட்டரைத் தூக்கினாள். தடுப்புக்குப் பின்னால் காலியாக இருந்த மேசையில் சின்னப் பெட்டியை வைத்தாள். அவள் திரும்ப வந்து ஏறும்வரை பிரிட்டோ வண்டியை அணைக்கவில்லை.

மலை ரோடு தொடங்கியது. முதல் வளைவில் அவன் தலையை லேசாகத் திருப்பி, "அம்மாகிட்ட நான்தான் சொல்லியிருக்கணும்" என்றான்.

காற்றுச் சத்தத்தை மீறி அது அவளுக்குக் கேட்டது. கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. பின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, அடுத்த வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே இன்னும் நிறைய வளைவுகள் இருந்தன.