பெரட்டில் சொன்ன பதில்

காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது ஆள் வராவிட்டால், பக்கத்தில் நிற்கிறவன் "இருக்கேன்" என்று குரல் கொடுப்பது அந்த லூனாஸ் ரப்பர் தோட்டத்து வழக்கம். காய்ச்சலில் கிடக்கிறவனுக்குப் பேர் விழாவிட்டால் அன்றைக்கு அரிசி கிடையாதே! வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நடக்கிற தர்மம்.

அன்று ஜப்பான்காரன் முதலில் என்னவோ கத்தினான். எவனுக்குப் புரிந்தது? பிறகு முப்பது பேரை வாசித்து, பதில் வந்த பேர்களை மட்டும் குறித்துக்கொண்டான். லயத்து வீட்டில் காய்ச்சலில் நடுங்கிக் கிடந்த அக்கா புருஷன் பிச்சையின் பேருக்கு முருகையா "இருக்கேன்" என்றான். வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கக் கூடாதா, பாவி! அது, போனவன் திரும்பாத சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கிற பட்டியல் என்று சாயங்காலம்தான் தெரிந்தது.

"எந் தாலிய நீயே அறுத்துட்டியேடா," என்று அக்கா செல்லாயி தலையில் அடித்துக்கொண்டாள்.

பள்ளிக்கூட வாத்தியார் தமிழில் மனு எழுதிக் கொடுத்தார். அதோடு முருகையா கூலிம் டவுனில் இருந்த ஜப்பான்காரன் ஆபீசுக்கு நடந்தான். அங்கே எழுத்து வேலை பார்த்த கிராணி மோரிஸ் தமிழாள். மனுவை முழுசாகப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வாங்க முடியாது தம்பி. இங்க ஜப்பான் பாஷை நிப்போங்கோ, மலாய் ரெண்டுந்தான்."

"நீங்கதான் படிச்சிட்டீங்களேய்யா!"

"படிச்சது மோரிஸ். கிராணி படிக்கல."

முருகையாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சாவுறதுக்குத் தமிழாளு வேணும், தமிழ் மட்டும் ஆகாதா?"

"கத்தாத லா. உள்ள இருக்கிற ஜப்பான் துவான்கிட்ட மலாய்ல வாயால சொல்லிப் பாரு."

அவனுக்குத் தெரிந்தது மீன் வாங்குகிற மலாய். கை கூப்பிக்கொண்டு, "பிச்சை சாக்கிட், துவான். சாயா ஜவாப்," என்றான். பிச்சைக்கு நோவு, பதில் சொன்னது நான் என்று எப்படியோ புரிய வைத்துவிட்டான். அதிகாரி சிரித்தான். பட்டியலை எடுத்து ஏதோ எழுதி, மோரிஸிடம் ஜப்பான் பாஷையில் என்னவோ சொன்னான். அப்பாடா, மச்சான் பிழைத்தார் என்று முருகையாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

மோரிஸ் குனிந்து பார்த்தார். முகம் செத்துப்போயிற்று.

"பிச்சை பேர அடிக்கல தம்பி. பொய் சொன்னதுக்கு உன் பேரையும் கீழ சேத்துட்டாரு. இப்பவே உன்ன நிறுத்தி வைக்கச் சொல்றாரு."

இரண்டு சிப்பாய்கள் வந்து தோளைப் பிடித்தார்கள்.

"ஐயா, அக்காவுக்கு ரெண்டு வரி எழுதிப் போடுங்கய்யா. அதுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும்."

மோரிஸ் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "தமிழ்க் கடுதாசி இங்கிருந்து வெளிய போகாது தம்பி," என்றார்.