பென்ஃபோல்டின் வலது கால்

சீனச் சண்டையில் டாக்டர் ட்ரஸ்காட் வெட்டிப்போட்ட வலது கால் ஒன்று, பதினோரு வருஷம் அவர் பின்னாலேயே நடந்து வந்தது. முழங்காலுக்குக் கீழே உள்ள அளவுதான்; பட்டாளத்து பூட்ஸோடு வரும். வருஷத்துக்கு ஒரு தடவை அடித்தோல் தேய்ந்துவிடும். ஒற்றை பூட்ஸை வாங்கிக்கொண்டு, இன்னொன்று எங்கே என்று கேட்காத செருப்புத் தைப்பவனே கிடையாது.

நடந்தது இதுதான். 1842 கோடையில் ஒரே நாளில் முப்பத்தொரு பேருக்குக் கை கால் எடுத்தார். மயக்க மருந்து வராத காலம். கத்தி சுணங்கினால் ஆள் போய்விடுவான். அதனால் அந்தத் தொழிலில் முதல் பாடமே, மேஜையில் கிடப்பவன் கத்துவதைக் காதில் வாங்காதே என்பதுதான். சிப்பாய் நாட் பென்ஃபோல்ட், அது நல்ல கால், இடதுதான் நசுங்கினது என்று மூன்று தடவை கத்தினான். நல்ல கால் தொட்டியில் விழுந்த பிறகுதான் டாக்டர் குனிந்து பார்த்தார். இடதையும் எடுத்தார். ஒரே குண்டில் இரண்டும் போயிற்று என்று குறிப்பேட்டில் எழுதி, அவனைக் கப்பலேற்றினார். மறுவாரம் கால் வந்துவிட்டது.

பாவம், அது யாரையும் ஒன்றும் செய்யாது. அவர் உட்கார்ந்தால் வராந்தாவில் டக் டக்கென்று உலாத்தும். அவர் நடந்தால் சத்தமில்லாமல் கூடவே வரும். மனுஷன் எத்தனை நாள் நின்றுகொண்டே சோறு தின்பான்? சட்லெஜ், பஞ்சாப், பர்மா என்று எங்கே சண்டை வந்தாலும், அங்கே உட்கார நேரமிருக்காது என்று முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். சண்டைக்கு ஒரு மெடல். நாலாவதைக் குத்திவிட்ட ஜெனரல், இப்படியொரு தைரியசாலியைப் பார்த்ததில்லை என்றார். தைரியமாவது மண்ணாவது! பின்னால் கால் வரிசை பிசகாமல் நின்றது. அதையும் ஜெனரல் பாராட்டினார்.

ஓய்வு பெற்று இங்கிலாந்தில், செல்ட்னமில் தங்கை ஹெஸ்டர் வீட்டில் தங்கினார். ஒரே மாதத்தில் கம்பளம் நைந்தது. "அண்ணா, ஒண்ணு இந்தக் கால் இருக்கணும், இல்ல நான் இருக்கணும். யாரோடதுன்னு உனக்குத் தெரியும். கொண்டுபோய்க் கொடு," என்றாள். கொடுப்பதற்கு என்ன, வாயைத் திறந்து சொல்ல வேண்டுமே. சொன்னால் நாலு மெடலுக்கும் என்ன மரியாதை?

துறைமுக ஊரான சாத்தமுக்கு டாக்டர் போய்ச் சேர்ந்தபோது, பென்ஃபோல்ட் தாழ்ந்த பலகையில் உட்கார்ந்து மீன்வலை பின்னிக்கொண்டிருந்தான். கால் முதல் தடவையாக அவரை முந்திக்கொண்டு ஓடி, வாசற்படியில் நின்றுவிட்டது. பென்ஃபோல்ட் அதைப் பார்த்தான். பிறகு டாக்டரைப் பார்த்தான்.

"ஐயா, நான் கத்தினது உங்க காதுல விழுந்துச்சா?"

அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும் என்ற பதில் பதினோரு வருஷமாக அவரிடம் தயாராக இருந்தது.

"விழுந்துச்சு," என்றார். "மூணு தடவையும் விழுந்துச்சு."

பென்ஃபோல்ட் வலையைக் கீழே வைத்தான். "இத்தனை வருஷமா, நான்தான் மெதுவாச் சொல்லிட்டேனோன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்," என்றான். இருவரும் அழுதார்கள். கால் உள்ளே போய் அவன் பக்கத்தில் நின்றது.

டாக்டர் நடந்ததை எழுதி, நாலு மெடலையும் ராணுவ அலுவலகத்துக்கு அனுப்பினார். திரும்ப வாங்கிக்கொள்ள விதி இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கால் உடம்போடு ஒட்டவில்லை. அத்தனை வருஷம் நடந்ததை யார் கட்டிப்போடுவது? காலையில் துறைமுகம் வரை போய்விட்டு, சாப்பாட்டு வேளைக்குத் திரும்பிவிடுகிறது. வருஷத்துக்கு ஒரு தடவை டாக்டர் வந்து பூட்ஸைத் தைக்க எடுத்துப் போகிறார். சாத்தமில், அந்தக் காலைத் தினமும் தெருவில் பார்க்கிற செருப்புத் தைப்பவன், இன்னொன்று எங்கே என்று கேட்பதில்லை.