காலிக் கேன்

கண்மாய் நிரம்பிப் பல வருஷம் ஆனதால் ஊரில் பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது. இந்த வருஷம் கண்மாய் நிரம்பியதும் அந்த ஊரில்தான் விடிய விடியப் பாய்மரப் படகுப் போட்டி வைத்தார்கள்.

கங்கம்மாள் கரைக்கு வந்தபோது படகுகள் போய்விட்டன. இருட்டில் விளக்குகள்தான் தெரிந்தன. பச்சை விளக்கு அவள் புருஷன் வேங்கடபதியின் படகு.

"நீந்தத் தெரியாதவுகள எப்படித் தம்பி விட்டீக?" என்று போட்டி நடத்தும் உதயகுமாரிடம் கேட்டாள்.

"படகுக்கு ரெண்டு காலித் தண்ணி கேனு கட்டணும்னு விதி இருக்குக்கா. கவுந்தா அதக் கட்டிப்புடிச்சு மெதந்துக்கிட்டே விசில் அடிப்பாக. நாங்க போயித் தூக்கிருவோம். அண்ணன் படகுலயும் கேனு கட்டியிருந்துச்சு."

கங்கம்மாள் பச்சை விளக்கைத் திரும்பிப் பார்த்தாள். வீட்டு வாசலில் கிடந்த கேன்கள் அதற்கா? மத்தியானம் குழாயில் தண்ணீர் வந்தது. வாரக்கணக்கில் வராத தண்ணீர் வந்தால் இந்தப் பக்கம் எவள் காலிப் பாத்திரத்தைச் சும்மா விடுவாள்? கழுத்து வரை நிரப்பி, மூடியை அவள்தான் இறுக்கினாள். கரைக்குத் தூக்கிப்போய்ப் படகில் கட்டிக் கொடுத்த ஆட்டோக்காரர், ராத்திரி குடிக்கத்தான் என்று நினைத்திருப்பார்.

சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் காற்று திடீரென்று பலத்தது. நடுக்கண்மாயில் பச்சை விளக்கு சாய்ந்து அணைந்தது. ஒருமுறை விசில் கேட்டது.

உதயகுமார் நிதானமாக எழுந்து கைலியை மடித்துக் கட்டினான்.

"பதறாதீகக்கா. அதான் கேனு இருக்குல்ல."